தபாலில் போடுவதா, நேரில் போய்ப் போடுவதா? உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் தீர்மானிக்க வேண்டியது

உள்ளூராட்சித் தேர்தலில், தேர்தல் நாளுக்கு முன்னரே வாக்குப் போட்டு முடிக்க நமது இலங்கையில் ஒரே வழிதான் உண்டு. அது தபால் மூல வாக்களிப்பு. அதுவும் எல்லாருக்கும் கிடையாது. படையினர், பொலிஸார், சிறைச்சாலை, ரயில்வே, தபால், இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) ஊழியர்கள், தேர்தல் கடமைக்குப் போகிறவர்கள், கடமை காரணமாக அன்றைக்குத் தங்கள் வாக்களிப்பு நிலையத்துக்குப் போக முடியாத ஏனைய அரச உத்தியோகத்தர்கள் ஆகியோருக்கே அந்த வசதி. காத்தான்குடிக் கடையில் நிற்பவருக்கும், கொழும்பில் வேலை செய்யும் வாகரைப் பிள்ளைக்கும், கட்டாரில் இருக்கும் ஏறாவூர்க்காரருக்கும், படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் முற்கூட்டிய வாக்கு இல்லை. அவர்கள் செய்யக்கூடியதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறோம்.

தகுதி உள்ள உத்தியோகத்தருக்குத்தான் உண்மையான தெரிவு இருக்கிறது. அலுவலகத்தில் விண்ணப்பப் படிவம் சுற்றி வரும்போது "எதற்கும் ஒன்றைப் போட்டு வைப்போம்" என்று நிரப்பிக் கொடுக்கிறவர்கள் ஏராளம். அப்படிச் செய்ய வேண்டாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டால், உங்கள் வாக்களிப்பு நிலையத்துக்குப் போகும் வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் தபால் வாக்காளர் என்று குறிக்கப்பட்டுவிடும். அதன்பிறகு தபாலில் போட்டாலும் சரி, போடாமல் விட்டாலும் சரி, தேர்தல் நாளன்று அங்கே உங்களுக்கு வாக்குச்சீட்டுத் தரமாட்டார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவருக்கோ நேரில் போடும் உரிமை அப்படியே இருக்கும். ஆகவே தபாலா நேரிலா என்பது விண்ணப்பக் காலத்திலேயே முடிவாகிவிடுகிற விஷயம்.

அந்தக் காலம் மிகவும் குறுகியது. 2025 மே 6 தேர்தலுக்கு விண்ணப்பங்கள் மார்ச் மாதத்தில் கோரப்பட்டன. வேட்புமனு மார்ச் 17 முதல் 20 வரை ஏற்கப்பட்டது. அதாவது உங்கள் வட்டாரத்தில் யார் யார் கேட்கிறார்கள் என்று முழுதாகத் தெரிய வரும் முன்னரே, தபாலில் போடப் போகிறீர்களா இல்லையா என்பதை நீங்கள் எழுதிக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. அறிவித்தலை உடனே கவனிக்காதவருக்கு இரண்டாம் வாய்ப்பு வராது.

ஒரு தேர்தலுக்குக் கொடுத்த விண்ணப்பம் அடுத்ததற்குச் செல்லாது என்பதையும் மறக்கக் கூடாது. 2023 மார்ச் 9 இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் பலர். பெப்ரவரி 22, 23, 24 என்று குறித்திருந்த தபால் வாக்களிப்பு, வாக்குச்சீட்டு அச்சிடப் பணம் கிடைக்காமல் நின்றது. பின்னர் தேர்தலே நடக்கவில்லை. 2025 இல் எல்லாரும் புதிதாகவே விண்ணப்பித்தார்கள்.

உங்கள் பெயர் எந்த வட்டாரத்தில் இருக்கிறது?

ஜனாதிபதித் தேர்தலில் நீங்கள் எந்த ஊர் இடாப்பில் இருந்தாலும் வாக்கின் பெறுமதி ஒன்றுதான். உள்ளூராட்சியில் அப்படியில்லை. இங்கே உங்கள் வாக்கு ஒரு குறிப்பிட்ட சபையின், ஒரு குறிப்பிட்ட வட்டாரத்துக்குச் சொந்தம். உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்தாலும் 40 வீதம் கட்சிகளும் குழுக்களும் பெறும் வாக்கு விகிதாசாரத்தாலும் தெரிவாகிறார்கள். நீங்கள் போடும் ஒரே புள்ளடி இரண்டுக்கும் கணக்கில் சேரும். சிறிய வட்டாரங்களில் வெற்றி தோல்வி சில பத்து வாக்குகளில் தீரக்கூடும். மட்டக்களப்பு மாவட்டத்தில் மாநகர சபை, காத்தான்குடி, ஏறாவூர் நகர சபைகள், 9 பிரதேச சபைகள் என மொத்தம் 12 சபைகள் இருக்கின்றன. ஆரையம்பதியில் குடியிருந்து களுவாஞ்சிகுடி இடாப்பில் பெயர் உள்ளவர், தான் நாளாந்தம் நடக்கும் வீதியைப் பற்றி அல்ல, களுவாஞ்சிகுடிச் சபையைப் பற்றித்தான் வாக்களிக்கிறார்.

எனவே முதல் வேலை இடாப்பைப் பார்ப்பது. தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் மாவட்டத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கொடுத்தால் விவரம் வரும். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் பார்க்கலாம். நமது பக்கத்தில் கலியாணத்துக்குப் பிறகு பெண் வீட்டோடு போய்க் குடியிருக்கும் ஆண்களின் பெயர்தான் அதிகம் தடுமாறும். தாய் வீட்டில் இடாப்புத் திருத்தம் நடந்தபோது "மகன் இப்ப இங்க இல்ல" என்று வெட்டியிருப்பார்கள். மனைவி வீட்டில் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவருக்குத் தபாலும் இல்லை, நேரும் இல்லை.

கல்முனை மாநகர சபைக்குட்பட்டவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2025 இல் நீதிமன்ற வழக்குக் காரணமாக அந்தச் சபைக்குத் தேர்தல் நடக்கவில்லை. சுற்றியுள்ள சபைகளில் எல்லாம் வாக்களிப்பு நடந்தபோது கல்முனை இடாப்பில் பெயர் உள்ள உத்தியோகத்தர் எங்கே வேலை செய்தாலும் அவருக்கு வாக்குச்சீட்டே இல்லை. உங்கள் சபையின் பெயர் தேர்தல் அறிவித்தலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே படிவத்தைத் தொடுங்கள்.

தபாலைத் தெரிவு செய்வதென்றால்

படிவம் மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலும் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் கிடைக்கும். அதை நீங்கள் நிரப்பிக் கையொப்பமிட, உங்கள் நிறுவனத்தின் அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் உறுதிப்படுத்த வேண்டும். பாடசாலையில் பெரும்பாலும் அதிபர், ஏனைய இடங்களில் நிறுவனத் தலைவர் அல்லது அதற்கென்று நியமிக்கப்பட்டவர்.

மாவட்டம் மாறும்போது பிசகு வரும். படிவம் போக வேண்டியது வேலை செய்யும் மாவட்டத்துக்கு அல்ல, இடாப்பில் பெயர் உள்ள மாவட்டத்தின் தெரிவத்தாட்சி அலுவலருக்கு, அதாவது அங்கே தேர்தலை நடத்தும் பொறுப்பதிகாரிக்கு. காரைதீவில் பதிந்த ஒரு தாதி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் வேலை செய்கிறார் என்று வையுங்கள். அவருடைய விண்ணப்பம் அம்பாறைக்குப் போக வேண்டும். அவர் வாக்களிப்பது மட்டக்களப்பில். கையில் வரும் சீட்டு காரைதீவுப் பிரதேச சபைக்குரியது. பக்கத்து மேசையில் இருப்பவர் மட்டக்களப்புக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அனுப்புகிறார் என்று அவரோடு சேர்த்து அனுப்பினால் திகதிக்குள் போய்ச் சேராது.

நிராகரிப்புக்குப் பெரிய காரணம் இடாப்பு விவரம் பிழைப்பதுதான். உள்ளூராட்சி அதிகார சபையின் பெயர், வட்டாரத்தின் இலக்கமும் பெயரும், வாக்கெடுப்புப் பிரிவு, இடாப்பில் உங்கள் தொடரிலக்கம் எல்லாம் அந்தத் தேர்தலுக்குப் பயன்படும் இடாப்பின்படி இருக்க வேண்டும். பழைய வாக்காளர் அட்டையைப் பார்த்துத் தொடரிலக்கத்தை எழுதாதீர்கள். இடாப்பு ஒவ்வொரு வருடமும் திருத்தப்படுகிறது. உங்களுக்கு முன்னால் உள்ள வீட்டில் ஒரு பெயர் கூடினாலும் குறைந்தாலும் உங்கள் இலக்கம் நகர்ந்துவிடும். அடுத்த காரணம் இன்னும் எளியது: விண்ணப்பதாரர் கையொப்பமிட மறந்திருப்பார், அல்லது அத்தாட்சிப்படுத்துபவரின் பதவி முத்திரை இருக்காது. கட்டாக முப்பது படிவத்தில் அதிபர் கையொப்பமிடும்போது ஒன்று தவறிப் போகும். உங்கள் படிவத்தை நீங்களே திருப்பிப் பாருங்கள். அனுப்பும் முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பிறகு வாக்களிக்கும் நாள். 2025 இல் முதலில் ஏப்ரல் 22, 23, 24 என்று சொல்லப்பட்டது. வேட்புமனு தொடர்பான வழக்குகளால் அது மாறி, ஏப்ரல் 24, 25, 28, 29 ஆகிய நான்கு நாட்களில் நடந்தது. திகதி மாறும் என்பதை எதிர்பார்த்து லீவைத் திட்டமிடுங்கள். உங்கள் அலுவலகத்துக்கு எந்த நாள், எந்த இடம் என்பதையும் கேட்டு வையுங்கள். பாடசாலை ஆசிரியர்களுக்கு வலயக் கல்வி அலுவலகத்தில் ஒன்றாக நடத்துவதும் உண்டு. கல்குடா வலயத்திலோ மட்டக்களப்பு மேற்கு வலயத்திலோ தூரப் பாடசாலையில் இருப்பவருக்கு அது அரை நாள் பயணம்.

வாக்குச்சீட்டுப் பொதி தபாலில் அத்தாட்சிப்படுத்தும் அலுவலரிடம் வரும். உங்கள் கையில் கொடுத்து விடுவதற்காக அல்ல. அவர் முன்னிலையில் திறந்து, அங்கேயே அடையாளமிட்டு முடிப்பதற்காக. செல்லுபடியான அடையாள ஆவணத்தைக் கொண்டு போங்கள். உள்ளே வாக்குச்சீட்டு, அடையாளத்தை உறுதிப்படுத்தும் கூற்று, ஒரு சிறிய உறை, ஒரு பெரிய உறை இருக்கும். அவசரப்படாமல் இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

சீட்டில் இருப்பது உங்கள் சபையா என்று பாருங்கள். ஒரே அலுவலகத்துக்கு ஐந்தாறு சபைகளின் சீட்டுகள் வரக்கூடும். பக்கத்திலிருப்பவரின் சீட்டில் உள்ள கட்சிகளும் குழுக்களும் உங்கள் சீட்டில் இருக்க வேண்டும் என்றில்லை. கூற்றில் அலுவலர் முன்னிலையில் கையொப்பமிடுங்கள், அவரும் அத்தாட்சிப்படுத்தட்டும். பிறகு மறைவிடத்துக்குப் போய், விரும்பும் கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி. ஒன்றே ஒன்று. உள்ளூராட்சித் தேர்தலில் விருப்பு வாக்கு இல்லை. பாராளுமன்றத் தேர்தல் பழக்கத்தில் இலக்கம் எழுதிச் சீட்டைப் பழுதாக்க வேண்டாம். பெயர், கையொப்பம், உங்களை இனங்காட்டக்கூடிய எந்தக் குறியும் சீட்டில் விழக் கூடாது. மடித்துச் சிறிய உறையில் இட்டு ஒட்டுங்கள். ஒட்டிய சிறிய உறையையும் கூற்றையும் பெரிய உறையில் இட்டு அதையும் ஒட்டி ஒப்படையுங்கள்.

இங்கே நடக்கும் பிழைகள் மூன்று. கூற்றைச் சீட்டோடு சேர்த்துச் சிறிய உறைக்குள் வைத்து ஒட்டுவது. கூற்றில் கையொப்பம் இல்லாமல் அனுப்புவது. சீட்டைச் சிறிய உறையில் இடாமல் வெறுமனே பெரிய உறைக்குள் போடுவது. எண்ணும் இடத்தில் முதலில் பெரிய உறையைத் திறந்து கூற்றைத்தான் சரிபார்ப்பார்கள். அது இல்லை, அல்லது குறைபாடு என்றால் சிறிய உறை திறக்கப்படாது. நீங்கள் எவ்வளவு தெளிவாகப் புள்ளடி போட்டிருந்தாலும் பயனில்லை.

அடையாளமிட்ட சீட்டைப் படம் எடுப்பது குற்றம். அதை முகநூலில் போட்டு அரச உத்தியோகத்தர்கள் கைதான சம்பவங்கள் நடந்திருக்கின்றன. தொலைபேசியை மறைவிடத்துக்குள் கொண்டு போகவே வேண்டாம்.

குறித்த நாளில் அலுவலகத்தில் போட முடியாமல் போனால், வேலைத்தளம் உள்ள மாவட்டத்தின் தேர்தல் அலுவலகத்தில் மேலதிக நாட்களில் போடும் ஏற்பாட்டை ஆணைக்குழு செய்வதுண்டு. 2024 ஜனாதிபதித் தேர்தலில் செப்டெம்பர் 11, 12 அப்படி ஒதுக்கப்பட்டன. கரையோரத்தில் வேலை செய்யும் அம்பாறை மாவட்ட உத்தியோகத்தர்களுக்கு இது சுலபமில்லை. பொத்துவிலிலோ திருக்கோவிலிலோ இருந்து அம்பாறை நகருக்கு ஏற வேண்டும். ஆகவே மேலதிக நாளை நம்பி முதல் நாளைத் தவற விடாதீர்கள். பெரிய உறை வாக்கெடுப்பு முடியும் நேரத்துக்குள் தெரிவத்தாட்சி அலுவலரிடம் சேர்ந்திருக்கவும் வேண்டும்.

இரண்டையும் எடை போட்டால்

நேரில் போடுவதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு, அதை அதிகம் பேர் நினைப்பதில்லை. வாக்களிப்பு நிலையத்தில் கை தவறிச் சீட்டைப் பழுதாக்கினால், பெட்டியில் போடும் முன் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டுக் கேட்கலாம். தபால் பொதியில் ஒன்றுதான் வரும். இன்னொன்று, காலம். 2025 இல் முதல் நாளிலேயே தபாலில் போட்டவர் தேர்தலுக்கு 12 நாட்கள் முன்னரே முடிவெடுத்துவிட்டார். பிரசாரம் மே 3 நள்ளிரவு வரை நடந்தது. உள்ளூராட்சியில் கடைசி வாரத்தில்தான் வட்டார வேட்பாளர் வீடு வீடாக வருவார், வடிகானைப் பற்றியும் குப்பை வண்டியைப் பற்றியும் நேரில் கேட்கலாம். அந்தக் கேள்விகளுக்கு முன்னரே உறையை ஒட்டிவிடுவது இழப்புத்தான்.

இரகசியம் பற்றிய பயமும் நியாயமானது. மேலதிகாரி இருக்கும் அறையில், பத்துப் பேருக்கு மத்தியில் போடும்போது மனம் கூசும். சட்டத்தில் ஏற்பாடு சரியாகவே இருக்கிறது: பெயர் உள்ள கூற்று வேறு, சீட்டு உள்ள உறை வேறு. கட்சிப் பிரதிநிதிகளும் கண்காணிப்பாளர்களும் அங்கே நிற்கலாம், ஆனால் நீங்கள் புள்ளடி போடுவதை யாரும் பார்க்க முடியாது. மறைவிடம் இல்லாமல் மேசையில் வைத்துப் போடச் சொன்னால் "சேர், மறைப்பு வைத்துத் தந்தால்தான் போடுவேன்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறுத்தால் மாவட்டத் தேர்தல் முறைப்பாட்டு நிலையத்துக்கு அறிவியுங்கள்.

அப்படியானால் யாருக்கு எது? தேர்தல் கடமைக்கு அழைக்கப்படக்கூடியவர்கள், அதாவது ஆசிரியர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், கிராம உத்தியோகத்தர்கள், பிரதேச செயலக ஊழியர்கள் தபாலைத்தான் எடுக்க வேண்டும். கடமைக் கடிதம் கைக்கு வருவதற்குள் விண்ணப்பத் திகதி கடந்துவிடும். முதல் நாளே பெட்டியோடு நிலையத்துக்குப் போய் இரவு தங்கி, மறுநாள் காலை 7 மணிக்கு வாக்கெடுப்பைத் தொடங்கி மாலை 4 மணி வரை நடத்துகிறவருக்கு இடையில் தன் ஊருக்குப் போய் வர வழியே இல்லை. பொலிஸாருக்கும், ஆஸ்பத்திரியில் நீண்ட முறைக் கடமை செய்பவர்களுக்கும் இதே பதில்தான்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வேலை, மேற்கே படுவான்கரையில் வாக்கு என்று இருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் சுலபமாகிவிட்டது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் 'பாதை' எனும் மிதவைப் படகில் ஏறிப் போகிறவருக்கு அப்படியில்லை. காத்து நின்று, ஆற்றைக் கடந்து, அக்கரையில் இறங்கிப் பிறகு நிலையத்துக்குப் போக வேண்டும். அன்றைக்கு அலுவலகத்தில் முழு நாள் லீவு உறுதியாகக் கிடைக்குமா என்று விண்ணப்பத் திகதிக்கு முன்னரே கேளுங்கள். உறுதி இல்லையென்றால் தபால்.

இதற்கு மாறாக, கல்லடியில் பிறந்து கல்லடி இடாப்பிலேயே பெயர் உள்ள, தேர்தல் கடமைக்கு வாய்ப்பில்லாத ஓர் ஆசிரியைக்குத் தபால் தேவையில்லை. 2025 மே 6 அன்று பாடசாலைகள் மூடியிருந்தன. நிலையம் நடந்து போகும் தூரம். அப்படிப்பட்டவர் நேரில் போவதே நல்லது.

எங்கள் நிலைப்பாடு இது: "மாலை 4 மணிக்குள் என் நிலையத்தில் நிற்க முடியும்" என்று இன்றைக்கே உறுதியாகச் சொல்லக்கூடியவர் நேரில் போக வேண்டும். கொஞ்சமாவது தயங்குகிறவர் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் யோசித்துக்கொண்டே திகதியைக் கடத்துவதுதான் வாக்கை இழக்க வைக்கும்.

தபால் உரிமை இல்லாதவர்களுக்கு

தனியார் துறையில் இருப்பவர் எழுத்து மூலம் கேட்டால், சம்பளம் வெட்டாமல் லீவு கொடுக்க வேண்டியது தொழில்தருநரின் கடமை. வாய்மொழியாகக் கேட்டு மறுக்கப்பட்டால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. ஆகவே கடிதமாகக் கொடுத்துப் பிரதி வைத்திருங்கள். அண்மைய தேர்தல்களில் அறிவிக்கப்பட்ட அளவு இதுதான்: 40 கிலோமீற்றருக்குள் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், 150 க்கு மேல் இரண்டு நாள். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கோ அக்கரைப்பற்றுக்கோ வருகிறவருக்கு இரண்டு நாள் சேரும். ரயிலில் இருக்கை தேர்தல் வாரத்தில் கிடைப்பது கஷ்டம். திகதி வர்த்தமானியில் வந்த உடனேயே பதிவு செய்யுங்கள்.

நடக்க முடியாதவர்களை வாகனத்தில் கொண்டு போவதற்குத் தெரிவத்தாட்சி அலுவலரின் முன் அனுமதி வேண்டும். வாக்காளரை ஏற்றி இறக்குவது பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. அயலவரின் ஓட்டோவில் கட்சிக்காரர் ஏற்றிப் போனால் இருவருக்கும் பிரச்சினை. பார்வை இல்லாதவரும் கை வழங்காதவரும் உதவியாளர் ஒருவரைக் கூட்டிப் போகலாம். அவர் 18 வயதுக்கு மேற்பட்டவராக, வேட்பாளரோ முகவரோ அல்லாதவராக இருக்க வேண்டும். அதற்கான தகுதிச் சான்றிதழ்ப் படிவத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் முன்னரே வாங்கி நிரப்பி வையுங்கள். அது இல்லாமல் நிலையத்துக்குப் போய்க் கேட்டால் நிலையத்துக்குப் பொறுப்பான சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலரே உதவி செய்வார், உங்கள் ஆளை விடமாட்டார்.

அடையாள அட்டை தொலைந்தவர்களும் சுனாமிக்குப் பிறகு திரும்ப எடுக்காமலே விட்ட சில முதியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், அரச ஓய்வூதிய அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை இருந்தால் போதும். எதுவும் இல்லையென்றால் இரண்டு போட்டோவோடு கிராம உத்தியோகத்தர் மூலம் தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் கடைசித் திகதி உண்டு, தேர்தலுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னர் முடிந்துவிடும். வாக்காளர் அட்டை வராவிட்டால் பதற வேண்டாம். உங்கள் பகுதித் தபால் நிலையத்தில் அடையாளத்தைக் காட்டி, தேர்தல் நாளன்று கூடப் பெறலாம். அது இல்லாமல் போனாலும் இடாப்பில் பெயரும் கையில் அடையாள ஆவணமும் இருந்தால் வாக்களிக்கலாம்.